புடைப்பெழுத்தும் தமிழும்: பரிசுப் பொருள்களில் பெயர் பதிக்கும் கலை

முன்னுரை

நிறுவனங்கள் தம் பெயரைப் பதித்து வழங்கும் பொருள்கள் இன்று நம் கைகளில் நாள்தோறும் புழங்குகின்றன. நாட்குறிப்பின் மேலட்டை, தோல் பணப்பை, சாவிக்கொத்து, கோப்புறை, பேனாப் பெட்டி, மாநாட்டுப் பை என அவற்றின் பட்டியல் நீளும். அவற்றுள் சிலவற்றில் பெயர் மையால் அச்சிடப்பட்டிருக்கும். வேறு சிலவற்றில் மை சிறிதும் இராது. பெயரானது அப்பொருளின் உடலிலிருந்தே மேலெழுந்தோ உள்ளே அமிழ்ந்தோ காட்சி தரும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலும் அஃது உணரப்படும். தொழிலுலகம் இதனை ‘எம்பாசிங்’ என வழங்கும். நாம் ‘புடைப்பு’ என்போம்.

ஒரு கல்லூரியோ, பள்ளியோ, வணிக நிறுவனமோ தன் விழாவிற்கு இத்தகைய பொருள்களைச் செய்யக் கொடுக்கும்போது, “பெயரைத் தமிழில் பதியுங்கள்” என்று கேட்டால் பல இடங்களில் ஒரே விடை கிடைக்கின்றது: “தமிழ் எழுத்துச் சரியாக விழாது, ஆங்கிலத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள்.” கேட்டவரும் மறுமொழி கூறாது இசைந்துவிடுகின்றார். இவ்வாறே தமிழகத்து நிறுவனங்கள் பலவற்றின் நினைவுப் பரிசுகளில் தமிழ் இடம்பெறாது போகின்றது. இவ்விடை உண்மையா? குறை தமிழ் எழுத்திலா, அதனைக் கையாளும் முறையிலா? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முதற்கண் புடைப்பு என்பது யாது, அது வந்த வழி யாது, அது செய்யப்படும் முறை யாது என்பனவற்றை அறிதல் வேண்டும்.

சொல்லும் பொருளும்

‘புடைத்தல்’ என்னும் சொல்லுக்கு வீங்குதல், பருத்தல் என்னும் பொருள்கள் உண்டு. பாறையின் பரப்பிலிருந்து உருவங்கள் மேலெழுந்து நிற்கும் மாமல்லபுரத்துச் சிற்பத் தொகுதியைப் புடைப்புச் சிற்பம் என்கிறோம். அச்சொல்லே இத்தொழிலுக்கும் பொருந்தும். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. சிற்பி உருவத்தைச் சுற்றியுள்ள கல்லைக் கொத்தி நீக்குகின்றான். நீக்கியது போக எஞ்சியதே சிற்பம். நாம் பேசும் புடைப்பில் எதுவும் நீக்கப்படுவதில்லை. மையோ வண்ணமோ சேர்க்கப்படுவதுமில்லை. தாளோ தோலோ உலோகத் தகடோ அழுத்தத்தால் தன் இடத்திலிருந்து சற்றே பெயர்ந்து எழுத்தின் வடிவை ஏற்கின்றது.

எழுத்து மேலெழுந்து நின்றால் அது புடைப்பு. கீழே அமிழ்ந்து நின்றால் அது குழிவு. தாளில் பெரும்பாலும் புடைப்பும், தோலில் பெரும்பாலும் குழிவும் செய்யப்படுகின்றன. பேச்சு வழக்கில் இரண்டையும் எம்பாசிங் என்றே கூறிவிடுவர். நம் இல்லங்களில் சீர் வரிசையாக வந்த எவர்சில்வர்க் குடத்திலும் தட்டிலும் பெயர் வெட்டியிருப்பதைக் காண்கிறோம். அது பொறிப்பு எனப்படும். அங்கே கூரிய முனை உலோகத்தைச் சிறு சிறு புள்ளிகளாகக் கொத்திச் செல்கின்றது. அம்முறை ஒவ்வொரு பாத்திரத்திற்கும் தனித்தனியே கையால் செய்யப்படுவது. புடைப்போ ஒரு முறை வெட்டிய அச்சைக்கொண்டு ஆயிரம் பொருள்களில் ஒரே வடிவைப் பதிப்பது.

மையற்ற எழுத்து எவ்வாறு கண்ணுக்குப் புலனாகின்றது? நிழலால் புலனாகின்றது. மேலெழுந்த எழுத்தின் ஒரு விளிம்பில் ஒளி படுகின்றது. மறு விளிம்பில் நிழல் விழுகின்றது. அந்த ஒளியும் நிழலுமே எழுத்தை வரைந்து காட்டுகின்றன. ஒளி இல்லையேல் எழுத்தும் இல்லை. இவ்வொரு செய்தியை நினைவிற்கொண்டால் பின்னர்க் கூறப்போவன எளிதில் விளங்கும்.

பண்டை வணிகமும் பெயர்ப்பொறியும்

பொருளின் மீது பெயரையும் சின்னத்தையும் பதிக்கும் வழக்கம் நமக்குப் புதியதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் ஏற்றுமதிப் பண்டங்களும் இறக்குமதிப் பண்டங்களும் சோழரின் புலிச் சின்னம் பொறிக்கப்பட்ட பின்னரே வெளியே சென்றன என்று காட்டுகின்றது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, புகார் நகரப் பண்டசாலையில் வணிகர் தத்தம் பெயரை எழுதிய பொதிகள் குவிந்து கிடந்தமையைக் கூறுகின்றது. பொதியின்மேல் இடப்பட்ட அவ்வெழுத்தைக் ‘கண்ணெழுத்து’ என அந்நூல் குறிக்கின்றது. இன்றைய வணிகவியலார் பெரிதாகப் பேசும் ‘பிராண்டு’ என்பதன் கருத்து இவ்விரு நூல்களிலும் அமைந்திருத்தல் வெளிப்படை. ஒன்று அரசின் சின்னம். மற்றொன்று வணிகனின் பெயர். இரண்டும் பொருளுக்குப் பொறுப்பேற்பார் யார் என்பதைச் சொல்வன.

இவை புடைப்பெழுத்துகள் என்று நாம் கூறவில்லை. ஆனால் தமிழ் எழுத்தைப் புடைப்பாகவே பதித்தமைக்கு வேறு சான்று உண்டு. அது நாணயம். அச்சில் எழுத்தைக் குழிவாக வெட்டி, அதனை உலோகத்தின்மீது வைத்து ஓங்கி அடித்தால் எழுத்து மேலெழுந்து நிற்கும். சங்ககாலப் பாண்டியரின் சதுரச் செப்புக் காசுகளில் ‘பெருவழுதி’ என்னும் பெயர் தமிழ்ப் பிராமி எழுத்தில் பதிக்கப்பட்டுள்ளது. கரூரில் கிடைத்த சேரர் வெள்ளிக் காசுகளில் ‘மாக்கோதை’ என்னும் பெயர் அரசனது தலை உருவத்துடன் காணப்படுகின்றது. சாதவாகனர் வெளியிட்ட வெள்ளிக் காசுகள் சிலவற்றில் ஒரு பக்கம் பிராகிருதமும் மறுபக்கம் தமிழும் இடம்பெற்றுள்ளன. விரல்நுனி அளவே உள்ள உலோகத் துண்டில் தமிழ் எழுத்து ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே புடைத்து நின்றிருக்க, இன்று ஒரு கோப்புறையின் மேலட்டையில் அது ‘விழாது’ என்பது வியப்பிற்குரியதன்றோ?

இலச்சினையும் நம்பிக்கையும்

நாணயத்தைப் போன்றே முத்திரையும் புடைப்பின் முன்னோடியாகும். சிந்துவெளி மக்கள் கல்லில் குழிவாக வெட்டிய முத்திரைகளை ஈரக் களிமண்ணில் அழுத்தினர்; உருவம் புடைத்து எழுந்தது. அரசர்கள் மோதிரத்தில் இலச்சினை வெட்டி அரக்கிலும் களிமண்ணிலும் பதித்தனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அண்டை நாட்டு மன்னர்களுக்குக் கடிதம் விடுக்க எண்ணியபோது, முத்திரையற்ற மடலை அம்மன்னர்கள் படிக்கமாட்டார்கள் என்று தோழர்கள் எடுத்துரைத்தனர். அதன்மேல் வெள்ளி மோதிரம் ஒன்று செய்யப்பெற்று, அதில் ‘முஹம்மது ரஸூலுல்லாஹ்’ என்னும் தொடர் மூன்று வரிகளாகப் பொறிக்கப்பட்டது என நபிமொழி நூல்கள் நவில்கின்றன. பதிந்த எழுத்து அழகுக்காக மட்டும் அன்று. நம்பிக்கைக்காகவே முதலில் தோன்றியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எழுத்தையே அணியாக்கும் வழக்கத்திற்கும் வரலாற்றில் ஒரு சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. உமையாக் கலீபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77-இல், அதாவது கி.பி. 696-97-இல், புதிய தங்கத் தீனாரை வெளியிட்டார். அதற்கு முன்னர்ப் புழங்கிய காசுகளில் மன்னர்களின் உருவங்கள் இருந்தன. புதிய தீனாரில் உருவம் எதுவும் இல்லை. இரு புறமும் எழுத்துகளே. காசின் நடுவில் நேர்வரிகளாகவும் விளிம்பில் வட்டமாகவும் எழுத்துகள் அமைந்தன. படம் செய்யும் பணியை எழுத்தே செய்தது. அதற்கேற்ப எழுத்தின் வடிவம் நேர்கோடுகள் மிகுந்ததாகவும் சீரான பருமன் உடையதாகவும் அமைந்தது. பதிக்கும் பரப்பிற்கு ஏற்ற எழுத்து வடிவைத் தெரிந்து கொள்ளுதல் என்னும் கொள்கையை இங்கே காண்கிறோம்.

பின்னாளில் இஸ்லாமிய உலகின் நூற்கட்டுநர்கள் தோலட்டையின் நடுவில் பூவடிவப் பதக்கம் ஒன்றை அழுத்திப் பதிப்பதில் கைதேர்ந்தவராயினர். பாரசீகத்தில் 15-ஆம் நூற்றாண்டளவில், சிறு சிறு கருவிகளால் கோடு கோடாகப் பதிப்பதற்கு மாற்றாக, முழு வடிவையும் ஒரே அழுத்தில் பதிக்கும் பெரிய அச்சுகள் பரவின. இன்றைய தோல் நாட்குறிப்புகளின் மேலட்டை அம்மரபின் வழிவந்ததே.

சிந்து அஞ்சல் வில்லை கற்பிக்கும் பாடம்

வணிக நிறுவனம் ஒன்றின் சின்னம் தாளில் புடைப்பாகப் பதிக்கப்பட்ட வரலாறு நம் துணைக்கண்டத்திலேயே உண்டு. 1852 ஜூலை முதல் நாள் சிந்து மாகாணத்தில் அரையணா அஞ்சல் வில்லைகள் வெளியிடப்பட்டன. ‘சிந்து டாக்’ எனப்படும் இவையே ஆசியக் கண்டத்தின் முதல் ஒட்டும் அஞ்சல் வில்லைகள். சிந்துவின் ஆணையராக இருந்த பார்ட்டில் ஃபிரேயர் இவற்றை அறிமுகப்படுத்தினார். வட்ட வடிவமான இவ்வில்லையின் நடுவே கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகக் குறி புடைப்பாக அமைந்திருந்தது.

இவ்வில்லைகள் மூவகையாக இருந்தன. சிவப்பு வில்லை அரக்கில் பதிக்கப்பட்டது. கையாளும்போது அது வெடித்து உதிர்ந்தது. வெள்ளை வில்லை வெண்தாளில் நிறமின்றிப் புடைக்கப்பட்டது. மங்கிய ஒளியில் அஃது உறையின்மேல் ஒட்டப்பட்டுள்ளதா இல்லையா என்று காண்பதே அரிதாயிற்று. நீல வில்லையில் புடைப்புடன் நிறமும் சேர்ந்திருந்தது. 1854-இல் இந்தியா முழுமைக்கும் பொதுவான அஞ்சல் வில்லைகள் வந்தபோது இவை நிறுத்தப்பட்டன.

இச்சிறு வரலாற்றில் இத்தொழிலின் இரு பெரு விதிகள் அடங்கியுள்ளன. ஒன்று, அழுத்தத்தை ஏற்று நிலைக்கும் பொருளில்தான் புடைப்புச் செய்தல் வேண்டும். அரக்குப் போன்ற நொறுங்கும் பொருள் பயன்படாது. மற்றொன்று, நிழல் விழாத இடத்தில் புடைப்பு மட்டும் போதாது. ஆழமோ நிறமோ துணைக்கு வேண்டும்.

தொழில் முறை

இனிப் புடைப்புச் செய்யும் முறையைக் காண்போம். முதலில் எழுத்தையும் சின்னத்தையும் கொண்ட வரைவு ஒன்று அணியமாகும். அவ்வரைவைக்கொண்டு உலோக அச்சு செய்யப்படும். தொழிலாளர் இதனை ‘டை’ என்றும் ‘பிளாக்’ என்றும் கூறுவர். சில நூறு பொருள்களே எனில் அமிலத்தால் அரித்துச் செய்யப்படும் மெக்னீசியம் அல்லது துத்தநாக அச்சுப் போதும். பல்லாயிரம் எனில் பித்தளையில் கணினிவழிப் பொறியால் வெட்டிய அச்சு வேண்டும். பித்தளை விலை மிகுந்ததாயினும் எழுத்தின் விளிம்பு கூர்மையாக அமையும், நெடுநாள் தேயாதிருக்கும்.

தாளில் புடைப்பதற்கு இரண்டு அச்சுகள் இணையாக வேண்டும். ஒன்று குழிந்தது, மற்றொன்று அதனுள் பொருந்துமாறு மேலெழுந்தது. இரண்டிற்கும் நடுவே தாளை வைத்து அழுத்துவர். தாளின் நார்கள் வளைந்து நீண்டு அச்சின் வடிவை ஏற்கும். நார் நீளமான பருத்தித் தாள் இதற்கு மிகவும் ஏற்றது. மெல்லிய தாள் கிழியும். மேற்பூச்சுள்ள வழவழப்பான தாளில் பூச்சு வெடிக்கும். அச்சின் பக்கச் சுவர் செங்குத்தாக இருப்பின் தாள் அவ்விடத்தில் வெட்டுண்ணும். ஆதலின் சுவரைச் சற்றே சரிவாக அமைப்பர்.

தோலில் குழிவுப் பதிவுக்கு ஓர் அச்சே போதும். அச்சைச் சூடேற்றித் தோலின்மேல் அழுத்திச் சிறிது நேரம் நிறுத்துவர். சூடு, அழுத்தம், நேரம் என்னும் மூன்றும் ஒன்றோடொன்று இயைய வேண்டும். சூடு மிகுந்தால் தோல் கருகும். குறைந்தால் பதிவு நில்லாது. தோல் எவ்வாறு பதனிடப்பட்டது என்பதும் முதன்மையானது. ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலிய தாவரப் பொருள்களால் பதனிட்ட தோல், சற்றே ஈரமூட்டி அழுத்தினால் பதிவை நன்கு ஏற்று என்றும் காக்கும். குரோமிய உப்பால் பதனிட்ட தோல் மென்மையும் நெகிழ்ச்சியும் மிக்கது. ஆதலின் அழுத்தியது மெல்ல மீண்டு மேலெழ முயலும். அதற்குச் சூடும் அழுத்தமும் கூடுதலாக வேண்டும்.

இத்தோல் தொழில் நம் மண்ணில் வேரூன்றியது. இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்து ஆம்பூரும் வாணியம்பாடியும், இராணிப்பேட்டையும், திண்டுக்கல்லும் தோல் பதனிடுதலால் பெயர் பெற்றவை. வட ஆர்க்காட்டுப் பகுதியில் நம் சமுதாயத்து வணிகக் குடும்பங்கள் இத்தொழிலைத் தலைமுறை தலைமுறையாக நடத்தி, அதன் வருவாயால் கல்விக் கூடங்களையும் எழுப்பியமை பெரியோர் நன்கறிந்தது. தமிழகத்தில் தாவரப் பதனீட்டில் உருவாகும் ‘இ.ஐ. தோல்’ புவிசார் குறியீடு பெற்றுள்ளது. சென்னைக் குரோம்பேட்டை தன் பெயரைப் பெற்றதே அங்கு அமைந்த குரோம் தோல் தொழிற்சாலையால்தான். சென்னை அடையாற்றில் 1948-இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இத்துறையின் அறிவியற் களமாகத் திகழ்கின்றது. பதிவை என்றும் காக்கும் தோலை உருவாக்கும் மண்ணிலேயே அம்மண்ணின் எழுத்துத் தோலில் பதியாதிருப்பது பொருந்துமா என எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ரெக்ஸின் முதலிய செயற்கைத் தோல்கள் நெகிழியால் ஆனவை. அவை சூட்டில் இளகிக் குளிர்ச்சியில் இறுகுவதால் பதிவை எளிதில் ஏற்கும். ஆனால் சூடு சிறிது மிகுந்தாலும் எழுத்தின் விளிம்பு உருகிப் பளபளத்து வடிவு கெடும். பொன்னிறமோ வெள்ளி நிறமோ வேண்டின் அச்சிற்கும் பொருளுக்கும் இடையே ‘ஃபாயில்’ என்னும் மெல்லிய வண்ணப் படலத்தை வைத்து அழுத்துவர். அழுத்திய இடத்தில் மட்டும் நிறம் ஒட்டும்.

அன்றாட வாழ்விலும் இக்கலையைக் காணலாம். குளியல் சோப்புக் கட்டியில் பதிந்த பெயரும், பிஸ்கட்டின் மேல் எழுந்த பெயரும் இதன் வகைகளே. அழுத்திய அச்சு ஒட்டாமல் விலகும்பொருட்டு அவற்றின் எழுத்துகள் பெரியனவாகவும் சரிவான விளிம்புடையனவாகவும் அமைக்கப்படுவதை உற்று நோக்குவோர் அறிவர்.

விரல் கற்பித்த பாடம்

பொருளுக்கேற்ப எழுத்தை மாற்ற வேண்டும் என்பதற்கு மானுட வரலாற்றில் மிகச் சிறந்த சான்று பார்வையற்றோர்க்கான எழுத்து. பிரான்சு நாட்டு வாலண்டைன் ஹாவி என்பவர் 1786-இல் பார்வையற்றோர் கல்வி பற்றிய நூலைப் புடைப்பெழுத்தில் வெளியிட்டார். அவர் வழக்கிலிருந்த உரோமன் எழுத்துகளையே பெரிதாகப் புடைத்து அச்சிட்டார். கண்ணால் காண்போர்க்கு அவை அழகாக இருந்தன. விரலால் படிப்போர்க்கோ ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் தடவித் தடவிக் காண்பது பெரும்பாடாயிற்று. அவர் நிறுவிய பள்ளியிலேயே பின்னாளில் பயின்ற லூயி பிரெயில் (1809-1852), எழுத்தின் வடிவையே விடுத்து ஆறு புள்ளிகளின் அடுக்கால் ஒரு முறையை 1824-இல் தம் பதினைந்தாம் அகவையில் வகுத்தார். அஃது 1829-இல் நூலாக வெளிவந்தது. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951-இல் ஏற்கப்பட்டது; தமிழ்ப் பிரெயிலும் அதன்பாற்பட்டதே.

ஹாவியின் நோக்கம் உயர்ந்தது. ஆனால் தாளில் மையால் எழுதப் பிறந்த எழுத்தை மாற்றமின்றிப் புடைப்பிற்குக் கொண்டுவந்தமையால் அது முழுப் பயன் தரவில்லை. இன்று நம் தமிழெழுத்திற்கு நேர்ந்திருப்பதும் இதுவே. செய்தித்தாளிலும் கணினித் திரையிலும் படிக்க அமைந்த எழுத்துருவை அப்படியே அச்சு வெட்டக் கொடுத்துவிட்டுப் பின்னர் ‘விழவில்லை’ என்கிறோம்.

தமிழெழுத்தின் இயல்பும் இடர்ப்பாடும்

ஆங்கிலப் பேரெழுத்துகள் பெரும்பாலும் நேர்கோடுகளால் ஆனவை. அனைத்தும் ஒரே உயரம் உடையவை. ஆதலின் அவை எளிதில் பதிகின்றன. தமிழெழுத்தின் இயல்பு வேறு. அதன் இடர்ப்பாடுகளை நான்காகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது சுழி. இரு கோடுகளுக்கு இடைப்பட்ட வெளி குறுகலாயின், அழுத்தும்போது அவ்வெளியும் உடன் அமிழ்ந்து எழுத்துத் திட்டாகிவிடும். மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் இதனால் மயங்கும். ‘பணி’ என்பது ‘பனி’யாகவும், ‘திருமணம்’ என்பது ‘திருமனம்’ ஆகவும் தோன்றும். திருமணப் பரிசுகளில் மிகுதியும் பதிக்கப்படும் சொல்லிற்கே இந்நிலை எனின் ஏனையவற்றைச் சொல்ல வேண்டுவதில்லை. நம் பெயர்களில் பயிலும் ஜ, ஹ, ஸ, ஷ ஆகிய எழுத்துகளும் நெருங்கிய வளைவுகள் உடையன. அவற்றுக்கும் இடர் உண்டு.

இரண்டாவது புள்ளி. சிறிய புள்ளி ஆழமாகப் பதிவதில்லை. நிழல் விழுமளவு அதற்குப் பரப்பும் இல்லை. ஓலையில் எழுதியோர் எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும் என்பதால் புள்ளியை விடுத்தனர் என்பர் அறிஞர். ஓலை நூலைப் படித்தவர் புலவர். அவர் புள்ளியைத் தாமே இட்டுப் படித்தார். நினைவுப் பரிசைப் பெறுவோர் அனைவரும் அவ்வாறு படிப்பர் என எதிர்பார்த்தல் இயலாது. ஒரு நூற்றாண்டு விழாவில் வழங்கப்பட்ட கோப்புறையை நாம் கண்டோம். றகர ஒற்றின் புள்ளி பதியாமையால் ‘நூறறாண்டு விழா’ என்றே அது நின்றது. எழுதித் தந்தவர் பிழையின்றித் தந்திருப்பார். புள்ளியை அழுத்தம் விழுங்கிவிட்டது.

மூன்றாவது கொம்பு. எகர ஏகாரக் குறிகளின் வேறுபாடும், ஒகர ஓகாரக் குறிகளின் வேறுபாடும் கொம்பின் மேல் உள்ள ஒரு சிறு சுழியே. வீரமாமுனிவர் (1680-1747) செய்த சீர்திருத்தத்தால் விளைந்த தெளிவு இது. அச்சுழி அடைபட்டால் அத்தெளிவு மறைகின்றது. ‘கொடை’ எது, ‘கோடை’ எது என அறிய இயலாது போகும். நன்கொடையாளரைப் பாராட்டி வழங்கும் கேடயத்தில் இஃது எத்துணைப் பெரிய குறை!

நான்காவது உயரம். தமிழில் இகர ஈகாரக் குறிகள் மேலே செல்கின்றன. உகர ஊகாரக் குறிகள் கீழே இறங்குகின்றன. ஒரே உயரமுள்ள அச்சில் ஆங்கிலத்தையும் தமிழையும் அடக்க முயன்றால், மேலும் கீழும் இடம் விடவேண்டியிருத்தலின் தமிழின் உடலெழுத்துச் சிறிதாகிவிடும். சிறிதானால் சுழி அடையும், புள்ளி மறையும். ஆகவே முன்னைய மூன்று குறைகளுக்கும் பெருங்காரணமாவது இந்நான்காவதே.

இந்நான்கும் எழுத்தின் குற்றங்கள் அல்ல. எழுத்தைச் சுருக்கியமையாலும் பொருந்தாத வடிவைத் தெரிந்தமையாலும் விளைந்தவை. 1978-இல் தமிழக அரசு நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய எழுத்துகள் தம் பழைய பிணைந்த வளைவுகளை விடுத்துத் தெளிவான வடிவம் பெற்றன. அச்சுக்கோப்பின் எளிமை கருதி முன்மொழியப்பட்ட அம்மாற்றம் புடைப்பிற்கும் நன்மையே தருகின்றது. 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சான நாள் முதல், தமிழெழுத்தை உலோகத்தில் வெட்டியும் வார்த்தும் பழகிய மொழி நம் மொழி. ஈய எழுத்தில் இயன்றது பித்தளை அச்சில் இயலாது என்பதற்குக் காரணம் இல்லை.

செய்யத்தக்கன

நிறுவனங்களின் பொறுப்பாளரும் ஆசிரியரும் மாணவரும் பின்வருவனவற்றைக் கருத்திற்கொண்டால் தமிழ்ப் பெயரைச் செம்மையாகப் பதிக்கலாம்.

1. கோட்டின் பருமன் எங்கும் சீராக இருக்கும் எழுத்துருவையே தெரிதல் வேண்டும். ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மயிரிழை போல் மெலிந்தும் செல்லும் எழுத்துரு தாளில் அழகியது. தோலில் அதன் மெல்லிய பகுதி மறையும். மெல்லிய கோடும், கோட்டிற்கும் கோட்டிற்கும் இடைப்பட்ட வெளியும் அரை மில்லிமீட்டருக்குக் குறையாதிருத்தல் நலம்.

2. சுழிகளையும் கொம்புகளையும் சற்றே அகலமாக்குதலும், புள்ளியை வழக்கத்தினும் பெரிதாக்கி எழுத்தினின்று தள்ளி வைத்தலும் வேண்டும். கணினியில் எழுத்தை வரைவடிவமாக மாற்றிய பின் இதனைச் செய்தல் எளிது.

3. தமிழுக்கு உரிய உயரத்தை அளித்தல் வேண்டும். இரு மொழியும் இடம்பெறின் உடலெழுத்தின் உயரத்தை ஒப்பிட்டே அளவு கொள்ள வேண்டும். மொத்த உயரத்தை ஒப்பிடலாகாது.

4. சொற்களைக் குறைத்தல் வேண்டும். நிறுவனத்தின் நீண்ட பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் புடைப்பிற்குரியன அல்ல. பெயரும் ஊரும் ஆண்டும் போதும். ஏனையவற்றை உட்பக்கத்தில் மையால் அச்சிடலாம்.

5. அச்சு வெட்டும் முன் மெய்ப்புப் பார்த்தல் இன்றியமையாதது. மையச்சில் பிழை நேர்ந்தால் ஒரு பக்கத்தை மீண்டும் அச்சிடலாம். பித்தளையில் வெட்டிய ஒற்றுப் பிழையோ ஐந்நூறு தோற்பைகளில் ஐந்நூறு முறை நிலைத்துவிடும். அன்றியும் அச்சில் எழுத்து இடவலம் மாறியே இருக்கும். அதனை நேரே பார்த்துப் பிழை காண்பது கடினம். ஆதலின் முதலில் ஒரு துண்டுத் தோலில் அழுத்திப் பார்த்து, அப்பதிவைத் தமிழாசிரியர் ஒருவர் படித்து ஒப்புதல் அளித்த பின்னரே பணியைத் தொடங்குதல் வேண்டும்.

6. அப்பதிவைச் சாய்வான ஒளியிலும் நேரொளியிலும் வைத்துப் பார்த்தல் வேண்டும். நேரொளியில் எழுத்து மறையுமாயின் ஆழத்தைக் கூட்டலாம். அல்லது ஃபாயிலைச் சேர்க்கலாம். வெள்ளைச் சிந்து வில்லையின் குறை நம் பொருளுக்கும் நேரலாகாது.

இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குக் கூடுதற் செலவு இல்லை; வேண்டுவது கூடுதல் கவனமே. பட்டறைத் தொழிலாளரைக் குறை கூறுதலும் நேரிதன்று. அவர் தம்மிடம் தரப்பட்ட வரைவைப் பதிக்கின்றார். நல்ல தமிழ் வரைவு அவர் கைக்குச் செல்லாதபோது அவர் பட்டறிவு ‘தமிழ் விழாது’ என்றுதான் அவருக்குக் கற்பித்திருக்கும்.

முடிவுரை

பதிந்த பெயர் பொறுப்பின் அடையாளம் என்பதைப் புகார் நகரத்துப் பொதியும், பாண்டியர் காசும், நபிகளாரின் இலச்சினையும் ஒருமுகமாக உணர்த்தின. நிறுவனங்களுக்குப் பொது முத்திரை கட்டாயம் என்னும் நிலையை 2015-ஆம் ஆண்டின் கம்பெனிகள் திருத்தச் சட்டம் விருப்பத்திற்குரியதாக மாற்றியது. சட்டத்தின் தேவை குறைந்தபோதிலும், வழங்கும் பொருளில் தன் பெயரைப் பதிக்கும் விருப்பம் மட்டும் குறையவில்லை. நாளுக்கு நாள் அது பெருகியே வருகின்றது. அப்பெயர் எம்மொழியில் பதியப்போகின்றது என்பதே நம் முன் உள்ள வினா.

தமிழெழுத்து அழுத்தத்தை ஏற்கும். ஈராயிரம் ஆண்டுகளாக ஏற்றுள்ளது. அதற்கு வேண்டுவன உரிய வடிவமும் உரிய அளவும் ஆகும். இவற்றை அறிந்து கூறவேண்டியவர் எழுத்திலக்கணம் கற்ற தமிழ்த் துறையினரே. மாணவர்கள் எழுத்துரு வரைதலையும் மெய்ப்புத் திருத்தத்தையும் ஒரு பயிற்சியாகக் கொண்டு, புடைப்பிற்கேற்ற தமிழ் வடிவங்களை உருவாக்கித் தம் ஊர்ப் பட்டறைகளுக்கு அளிப்பாராயின், அது மொழித் தொண்டாகவும் அமையும். வாழ்வுக்குரிய தொழிலாகவும் வளரும். சமுதாயப் பெரியோரும் தாம் வழங்கும் கேடயத்திலும் பையிலும் “தமிழில் பதியுங்கள்” என்று கேட்பதோடு அமையாது, செம்மையான வரைவையும் உடன் கொடுத்தனுப்புதல் வேண்டும். கேட்போர் கேட்குமாறு கேட்டால், பதிப்போர் பதியுமாறு பதிப்பர்.